மலாவியில் நாங்கள் உதவிவரும் ஊருக்கு நேரில் போகிறோம், எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: மண்பாதை

எங்களுடையது சின்ன அறக்கட்டளை. சம்பளம் வாங்குகிறவர் யாரும் கிடையாது, எல்லாரும் வேலைக்குப் போய்வந்து மீதி நேரத்தில் செய்வதுதான். சில வருடங்களாக மலாவியில் கசுங்கு மாவட்டத்தில் ஒரு ஊருக்குப் பணம் அனுப்பி வருகிறோம். தார்ச்சாலையை விட்டு இறங்கி மண்பாதையில் வெகுதூரம் உள்ளே போக வேண்டிய ஊர். கைப்பம்பு வைத்த ஆழ்துளைக் கிணறு இரண்டு, பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பறை, அப்புறம் பெண்களின் சேமிப்புக் குழுவுக்குக் கொஞ்சம் முதல், இவ்வளவுதான் இதுவரை. அங்கே இருக்கிற ஒரு உள்ளூர் அமைப்பு எல்லாவற்றையும் முன்னின்று செய்கிறது. அறிக்கை ஒழுங்காக வருகிறது, போட்டோவும் வருகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எல்லாப் போட்டோவிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது, எல்லாரும் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள், அது எனக்கு லேசாக உறுத்துகிறது.

இப்போது எங்களில் ஐந்து பேர் ஜூலையில் நேரில் போகிறோம். டிக்கெட் அவரவர் கைக்காசு, நன்கொடைப் பணத்தைத் தொடவில்லை (இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கேட்பீர்கள் என்று தெரியும்). ஊரில் வரவேற்பு, ஆட்டம் பாட்டு, விருந்து என்று ஏதோ பெரிதாக ஏற்பாடு நடப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. வேண்டாம் என்று சொன்னால் மனம் நோகுமா, சரி என்றால் அவர்கள் தலையில் செலவு விழுமா என்று புரியவில்லை. எங்கள் ஆட்களோ இங்கே பழைய துணி, பொம்மை, மிட்டாய் என்று மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எங்களில் யாரும் இன்ஜினியர் இல்லை, டாக்டர் இல்லை. இரண்டு நாள் ஊரில் இருப்போம். அந்த இரண்டு நாளில் எதைப் பார்த்தால், யாரிடம் என்ன கேட்டால், அங்கே நடப்பது ஓரளவாவது எங்களுக்குப் புரியும்? அந்தப் பக்கம் இருந்தவர்கள், இந்த மாதிரி வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கிணற்றடி

கிராமத் தண்ணீர் வேலையில் இருந்தவன் என்கிற முறையில் பம்பைப் பற்றித்தான் அதிகம் சொல்ல முடியும். அதற்கு முன் ஒன்று. ஜூலை பாதைக்கு நல்ல மாதம், நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை, அப்போது அந்த மண்பாதையில் வண்டி சிக்கினால் ஊரே வந்து தள்ள வேண்டும். ஆனால் ஜூலை என்பது அறுவடை முடிந்து குதிரில் மக்காச்சோளம் நிறைந்திருக்கும் நேரமும்கூட. ஜனவரி, பிப்ரவரியில் பழைய சோளம் தீர்ந்துபோய், வயலில் நிற்கிற கதிர் இன்னும் முற்றாமல், ஒரு வேளைச் சாப்பாட்டில் நாளை ஓட்டுகிற அதே குடும்பத்தை நீங்கள் ஜூலையில் பார்த்தால் "நன்றாகத்தானே இருக்கிறார்கள்" என்று தோன்றும். அதனால் போகிற வீட்டில் எல்லாம் ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் வீட்டுச் சோளம் இந்த வருடம் எந்த மாதம் தீர்ந்தது? டிசம்பர் என்கிற வீட்டுக்கும் மார்ச் என்கிற வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் எந்தப் போட்டோவிலும் தெரியாது.

பம்புக்கு வருகிறேன். அங்கே பெரும்பாலும் அஃப்ரிடெவ் கைப்பம்புதான் இருக்கும். 1980களில் மலாவியிலும் கென்யாவிலும் சோதித்துச் சோதித்து உருவாக்கியது. 45 மீட்டர் ஆழம் வரை இழுக்கும். ஊர்க்காரர்களே கழற்றி மாட்ட வேண்டும் என்பதற்காகவே செய்த பம்பு, ஒரு ஸ்பேனர் இருந்தால் திறந்துவிடலாம், உள்ளே போகிற கம்பிகள்கூட ஒன்றோடொன்று கொக்கி மாதிரி மாட்டிக்கொள்கிறவை. தேய்கிற சாமான்கள் எல்லாம் உள்ளங்கையில் அடங்குகிறவை: பிஸ்டனில் இருக்கிற யூ சீல் என்கிற ரப்பர் வளையம், வால்வைத் திறந்து மூடுகிற பாபின், கைப்பிடி ஆடாமல் தாங்குகிற பிளாஸ்டிக் புஷ். இந்தச் சின்ன ரப்பர் கிடைக்காமல்தான் முழுக் கிணறும் நின்றுபோகிறது.

இன்ஜினியர் இல்லாமலே நீங்கள் செய்யக்கூடிய சோதனை: காலைக் கூட்டம் கலைந்ததும் அரை மணி நேரம் யாரும் பம்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் நீங்களே அடியுங்கள். ஐந்து தடவை அடிப்பதற்குள் தண்ணீர் வந்துவிட்டால் நல்லது. பத்து, பதினைந்து தடவை அடிக்க வேண்டியிருக்கிறது என்றால் கீழ் வால்வோ குழாய் இணைப்போ ஒழுகுகிறது, குழாயில் நிற்க வேண்டிய தண்ணீர் திரும்பக் கிணற்றில் இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். கைப்பிடியைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், லொடலொட என்று ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. சிமென்ட் மேடையில் விரிசல் இருக்கிறதா, வழிகிற தண்ணீர் வாய்க்காலில் ஓடிப் போகிறதா இல்லை மேடையைச் சுற்றிச் சேறாகத் தேங்கி அதில் ஆடு நிற்கிறதா, இதையும் பாருங்கள். விரிசலில் நேற்றுப் பூசிய சிமென்ட் பளிச்சென்று தெரிந்தால் கோபப்படாதீர்கள். நீங்கள் வருகிறீர்கள் என்றால் பெண் பார்க்க ஆள் வருகிற வீடு மாதிரி எல்லாவற்றையும் துடைத்துத்தான் வைப்பார்கள், யார் வீடானாலும் அப்படித்தான்.

பம்பைப் பார்த்த பிறகு அந்த ஒரு ஸ்பேனரும் உதிரி சாமானும் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கடைசியாக யூ சீல் எப்போது மாற்றினீர்கள், யார் மாற்றினார், எங்கே வாங்கினீர்கள்? உடனே யாராவது வீட்டுக்குள் ஓடிப்போய் ஒரு பையை எடுத்துவந்து காட்டினால் அந்தக் கிணறு பிழைக்கும். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் உங்கள் அடுத்த வருடப் பணம் எதற்குப் போக வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. 2009இல் ரூரல் வாட்டர் சப்ளை நெட்வொர்க் என்கிற கிராமத் தண்ணீர் வேலைக்காரர்களின் கூட்டமைப்பு 20 நாடுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது சகாராவுக்குத் தெற்கே உள்ள கைப்பம்புகளில் சுமார் 36 சதவீதம் ஓடவில்லை. திறப்பு விழா அன்று அத்தனையும் ஓடியிருக்கும்.

தண்ணீர் கொட்டுகிற போட்டோ பற்றிச் சொன்னீர்களே, பிளேபம்ப் கதை கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பிள்ளைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் தொட்டிக்கு ஏறும் என்கிற திட்டம். 2006இல் அமெரிக்காவில் 1.64 கோடி டாலர் அறிவித்தார்கள், 2010க்குள் 4,000 வைப்பது என்று இலக்கு. மலாவியிலும் வைத்தார்கள். பார்க்க வருகிறவர்களைச் சுற்றிப் பிள்ளைகள் கூடுவார்கள், கூடினால் சுற்றுவார்கள், போட்டோ அருமையாக வரும். வண்டி கிளம்பிப் போனதும் பிள்ளைகளும் போய்விடுவார்கள், அப்புறம் குடத்தோடு வந்த பெண்கள்தான் குனிந்து அந்த ராட்டினத்தைக் கையால் தள்ளிச் சுற்ற வேண்டும். சொன்ன அளவு தண்ணீர் வர வேண்டுமானால் பிள்ளைகள் தினமும் 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009இல் கார்டியன் பத்திரிகையில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். போய்வந்து பார்த்தவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, அவர்கள் இருந்த நேரத்தில் அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

பதில்: நேரடி

நான் பட்டென்று சொல்லிவிடுகிறேன், போகாதீர்கள். ஐந்து டிக்கெட், விசா, வாடகை வண்டி, தங்குமிடம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். கைக்காசு என்கிறீர்கள், சரி, அந்தக் கைக்காசையே அங்கே அனுப்பலாமே. மலாவியிலேயே குடும்பங்களுக்கு நேராகப் பணம் கொடுக்கிற கிவ்டைரக்ட்லி மாதிரி அமைப்புகள் வேலை செய்கின்றன. எதற்கு இந்தத் தரிசனம்? இரண்டு நாளில் மொழி தெரியாத ஊரில் நீங்கள் என்ன கண்டுபிடித்துவிடப் போகிறீர்கள்? அவர்கள் கோழி அடித்து, பாட்டுப் பாடி, உங்களைச் சந்தோஷப்படுத்தி அனுப்புவார்கள். நீங்கள் ஊர் திரும்பி ஸ்லைடு போட்டுக் காட்டுவீர்கள். அந்த உள்ளூர் அமைப்பின் ஆட்கள் ஒரு வாரம் தங்கள் வேலையை விட்டுவிட்டு உங்கள் பின்னால் அலைவார்கள். சரிபார்க்கத்தான் வேண்டும் என்றால் தலைநகர் லிலோங்வேயில் உள்ள ஒரு ஆடிட்டரையோ, மாவட்டத் தண்ணீர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரையோ கூலி கொடுத்து அனுப்புங்கள். மொழியும் தெரியும், பம்பும் தெரியும், உங்கள் டிக்கெட்டில் கால்வாசிகூட ஆகாது.

பதில்: ஏரிக்கரை

நேரடி சொல்வதில் பாதி சரி, அந்த ஓய்வுபெற்ற ஆள் யோசனை உண்மையிலேயே நல்ல யோசனை. ஆனால் போகவே கூடாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முகமே தெரியாத ஒருவர் பணம் அனுப்புகிறார், அவர் என்ன நினைக்கிறார், நாளைக்கு நிறுத்திவிடுவாரா என்று அந்த ஊர்க்காரர்களுக்கும் தெரிந்துகொள்ள ஆசை இருக்காதா? அவர்களும் உங்களைப் பார்க்கட்டும், கேள்வி கேட்கட்டும். கேட்க வைத்துவிட்டு வந்தால் அது பெரிய விஷயம்.

தம்பி, நான் வீட்டுக்காரர் வேலை காரணமாக லிலோங்வேயில் குடியிருந்தவள். எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

போனதும் கிணற்றுக்கு ஓடக் கூடாது. முதலில் ஊர்த்தலைவர் வீடு. அவருக்கு மேலே பல ஊருக்குச் சேர்த்து ஒரு தலைவர், அவருக்கும் மேலே டிரெடிஷனல் அத்தாரிட்டி, சுருக்கமாக டி.ஏ. என்பார்கள். இவர்களுக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் முன்கூட்டியே சொல்லியாகிவிட்டதா என்று உங்கள் உள்ளூர் அமைப்பிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாமல் போனால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, நீங்கள் கிளம்பிய பிறகு அவர்கள்தான் பேச்சு வாங்குவார்கள்.

அந்தப் பக்கம் பெரும்பாலும் சேவா மக்கள். தாய்வழி முறை, நிலம் பெண் வழியாகப் போகும், பழைய வழக்கப்படி கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண்ணின் ஊருக்கு வந்து குடியிருப்பார். இதைப் படித்துவிட்டுப் பெண்கள் கையில்தான் எல்லாம் என்று நினைத்துப் போகாதீர்கள். கூட்டம் போட்டால் நாற்காலியில் ஆண்கள், கீழே பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பது பெண்கள். நீங்கள் கேட்கிற கேள்விக்கு நாற்காலியிலிருந்துதான் பதில் வரும். தண்ணீர் எடுப்பதோ பாயில் இருப்பவர்கள். அதனால் உங்கள் குழுவில் பெண்கள் இருந்தால் விடியற்காலையில் அவர்கள் மட்டும் பம்படிக்குப் போகட்டும், கூட ஒரு பெண் மொழிபெயர்ப்பாளர். அந்த மொழிபெயர்ப்பாளர் உங்கள் உள்ளூர் அமைப்பில் சம்பளம் வாங்குகிறவராக இருக்க வேண்டாம், கசுங்கு டவுனிலிருந்து ஒரு ஆசிரியையை அழைத்துப் போகலாம். வரிசையில் நின்று, உங்கள் பெண்களும் இரண்டு குடம் அடித்துக் கொடுத்து, அந்த நேரத்தில் பேசுகிற பேச்சே வேறு. எந்தப் பம்பில் தண்ணீர் உப்பு, யார் வீட்டுக்காரர்கள் காசு கொடுக்காததால் வரிசையில் பின்னால் நிறுத்தப்படுகிறார்கள், எல்லாம் அங்கேதான் வரும்.

வரவேற்பை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அது அவமானம். ஆடட்டும், பாடட்டும், நீங்களும் எழுந்து ஆடுங்கள், உங்களுக்கு ஆடத் தெரியாது என்பதுதான் அன்றைய வேடிக்கையே. ஆனால் இரண்டு நாளும் விழாவாகப் போகாமல் முதல் நாள் மதியத்தோடு முடித்துக்கொள்வதாக முன்கூட்டியே பேசிவையுங்கள். சாப்பாட்டுச் செலவுக்கு மாவு, எண்ணெய், கோழிக்கு ஆகிற பணத்தை அமைப்பு மூலமாக முன்பே கொடுத்துவிடுங்கள், கோழியை அந்த ஊரிலேயே விலைக்கு வாங்கச் சொல்லுங்கள். ந்சிமா போடுவார்கள், சோளமாவைக் கெட்டியாகக் கிளறியது. சாப்பிடும் முன் ஒருவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கையில் ஊற்றுவார், அப்புறம் கையாலேயே உருட்டித் தொட்டுக்கொண்டு சாப்பிட வேண்டியதுதான், நமக்கு அதில் கஷ்டமே இல்லை. கிளம்பும்போது உயிரோடு ஒரு கோழியைக் கையில் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். "இவ்வளவு ஏழைகளிடம் எப்படி வாங்குவது" என்று முகத்தைச் சுருக்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குப் படி கேட்பார்கள், அலவன்ஸ் என்று. அங்கே அது பெரிய அமைப்புகள் பழக்கிவிட்ட பழக்கம், கேட்கிறவர்களைத் திட்டிப் பயனில்லை. கொடுப்பதா இல்லையா என்பதை உங்கள் அமைப்போடு பேசி ஒரே முடிவாக எடுத்துக்கொள்ளுங்கள், ஐந்து பேரும் ஐந்து விதமாகக் கையை விடாதீர்கள்.

மூட்டை விஷயம். மிட்டாயை எடுத்து வெளியே வையுங்கள். ஒரு பாக்கெட் பிரித்தால் போதும், நூறு பிள்ளைகள் முண்டியடிப்பார்கள், சின்னது கீழே விழும், அதற்கப்புறம் வருகிற ஒவ்வொரு வண்டியின் பின்னாலும் ஓடும். பழைய துணி அங்கே ஏராளம், கவுஞ்சிகா என்று சந்தையில் மலை மாதிரி குவித்து விற்கிறார்கள், அதை விற்றுப் பிழைக்கிறவர்களே நிறைய. பள்ளிக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்றால் நோட்டு, சாக்பீஸ், பந்து எல்லாம் கசுங்குவிலேயே வாங்கி தலைமையாசிரியர் கையில் கொடுங்கள். பெண்கள் சந்தையில் ஒரு சிட்டென்ஜே துணி வாங்கி இடுப்பில் சுற்றிக்கொண்டால் முழங்காலும் மறையும், ஊரும் சிரிக்கும், நல்ல சிரிப்பாக. மலேரியா மாத்திரையை டாக்டரிடம் கேட்டு முன்பே ஆரம்பியுங்கள். மலாவி ஏரியில் இறங்க ஆசை வரும், பில்ஹார்சியா என்று தண்ணீரிலிருந்து தொற்றுகிற புழு நோய் இருக்கிறது, யோசித்துக்கொள்ளுங்கள்.

பதில்: கணக்குப்பிள்ளை

எல்லாரும் பம்பையும் கோழியையும் சொல்லிவிட்டார்கள், நான் நோட்டுப் புத்தகத்தைச் சொல்கிறேன். பம்பைப் பார்த்துக்கொள்கிற ஊர்த் தண்ணீர்க் குழு வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்திருப்பார்கள். அந்த நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். எல்லா மாதமும் எல்லா வீடும் கொடுத்ததாக ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் இருந்தால் அது உங்களுக்காக எழுதியது. அடித்துத் திருத்தி, பாக்கி போட்டு, மழைக்காலத்தில் பாதிப் பேர் கொடுக்காமல் விட்டுச் சோளத்தில் ஈடு கட்டியதாக இருந்தால் அது நிஜமான நோட்டு.

அடுத்தது, அந்தப் பணத்தை எப்படி வைத்திருக்கிறார்கள்? இது முக்கியம். மலாவிப் பணமான குவாச்சாவின் மதிப்பை 2022 மே மாதம் குறைத்ததில் டாலர் விலை 25 சதவீதம் ஏறியது, 2023 நவம்பரில் மறுபடி குறைத்ததில் ஒரேயடியாக 44 சதவீதம் ஏறியது. பெட்டியில் நோட்டாக வைத்திருந்த குழு ஒரு தப்பும் செய்யாமலே கிட்டத்தட்ட பாதி மதிப்பை இழந்துவிட்டது. வெளியிலிருந்து வருகிற உதிரிசாமான் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. அதனால் "பணம் எங்கே போயிற்று" என்று போலீஸ் மாதிரி கேட்காதீர்கள், முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். வசூலானதும் உடனே உதிரிசாமானாக வாங்கி வைப்பது, இல்லையென்றால் சேமிப்புக் குழுவில் கடனாகச் சுற்ற விடுவது, இரண்டில் ஒன்று நல்லது.

சேமிப்புக் குழு என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். இந்த முறை 1991இல் நைஜரில் கேர் என்கிற சர்வதேச உதவி அமைப்பு தொடங்கியது. மூன்று பூட்டுப் போட்ட பெட்டி, மூன்று சாவி மூன்று பேரிடம், எல்லார் முன்னாலும் திறந்து எண்ணுவது, வருடக் கடைசியில் பங்கு பிரிப்பது. இது ஓடுவதற்குக் காரணமே உள்ளே இருப்பது அவர்கள் பணம் என்பதுதான். கடன் வாங்கியவள் திருப்பவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரியின் பணம் போகிறது, அதனால் விட மாட்டார்கள். வெளியிலிருந்து முதல் வந்து விழுந்தால் அது யாருடைய பணமும் இல்லை, திருப்பவில்லை என்றாலும் கேட்க ஆளில்லை. அதனால்தான் இந்த முறையில் வெளிப்பணமே வேண்டாம் என்பார்கள். நீங்கள் போட்ட முதல் என்ன ஆயிற்று, அதற்கு முன் குழுவில் எத்தனை பேர் இருந்தார்கள், இப்போது எத்தனை பேர் என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். குறைந்திருந்தால் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

வகுப்பறையும் அப்படித்தான். 1994இல் ஆரம்பக் கல்வியை இலவசமாக்கியதிலிருந்து அங்கே முதல் வகுப்பில் நூறு பிள்ளைகளுக்கு மேல் உட்கார்ந்திருப்பது சாதாரணம். இரண்டு அறை கட்டிவிட்டீர்கள், ஆசிரியரை அரசாங்கம் அனுப்ப வேண்டும், அனுப்பினாலும் தார்ச்சாலையிலிருந்து அவ்வளவு உள்ளே குடும்பத்தோடு தங்க வீடு இல்லை என்றால் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அந்த இரண்டு அறையில் இன்று பாடம் நடக்கிறதா, மூட்டை அடுக்கியிருக்கிறதா? அப்புறம் முதல் வகுப்பில் எத்தனை பெண் பிள்ளைகள், எட்டாம் வகுப்பில் எத்தனை என்று வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலே அரை மணி நேரத்தில் பாதி கதை தெரியும்.

மண்பாதை மறுபடி

எல்லாருக்கும் நன்றி. நேரடி, உங்கள் பதிலைக் குழுவில் படித்துக் காட்டினேன், இரண்டு பேர் டிக்கெட்டை ரத்து செய்கிறோம் என்றார்கள். அதனால் மூன்று பேர் போகிறோம். அந்தப் பணத்தில் ஓய்வுபெற்ற தண்ணீர் அலுவலர் ஒருவரைத் தேடச் சொல்லியிருக்கிறோம், நாங்கள் வந்து போன பிறகு, முன்கூட்டிச் சொல்லாமல், பிப்ரவரியில் ஒரு தடவை அவர் போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு. உள்ளூர் அமைப்புக்கு இதைச் சொல்லிவிட்டோம், மறைக்கவில்லை. அவர்கள் வருத்தப்படுவார்கள் என்று நினைத்தேன், "பிப்ரவரியில் யாரும் வந்து பார்ப்பதே இல்லை, வரட்டும்" என்று பதில் வந்தது.

மிட்டாய் மூட்டை பிரிக்கப்பட்டது, சின்ன சண்டையோடு. சேமிப்புக் குழு விஷயம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது, இந்த வருடம் இன்னொரு தவணை அனுப்புவதாக இருந்தோம், நிறுத்தி வைத்திருக்கிறோம், பெண்களிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று. கடைசியாக ஒன்று: லிலோங்வேயிலிருந்து வாடகை வண்டி எடுக்கிறோம், அதில் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

பதில்: ஏரிக்கரை

உயரமான நான்கு சக்கர இழுவை வண்டியாகப் பாருங்கள், அந்தப் பாதை தெரிந்த டிரைவரோடு. அங்கே அடிக்கடி டீசல் தட்டுப்பாடு வரும், பங்க்கில் மணிக்கணக்கில் வரிசை நிற்கும். கசுங்குவில் வரிசை இல்லாத பங்க் கண்ணில் பட்டால் டேங்க்கில் பாதிக்கு மேல் இருந்தாலும் நிறுத்தி நிரப்பிக்கொள்ளச் சொல்லுங்கள், ஊருக்குள் போன பிறகு கிடைக்காது. இரவில் அந்தச் சாலையில் ஓட்ட வேண்டாம், விளக்கில்லாத சைக்கிளும் மாடும் நடுவில் வரும். இருட்டும் முன் போய்ச் சேருகிற மாதிரி நேரத்தோடு கிளம்பிவிடுங்கள், ஜூலையில் சாயங்காலம் ஐந்தரைக்கே இருட்ட ஆரம்பித்துவிடும். ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள், ஆப்பிரிக்கா என்று நம்பி மெல்லிய சட்டையோடு போய் இராத்திரி நடுங்குகிறவர்கள்தான் அதிகம்.